பாலம் தாண்டினால் பைக்குக்கும் கட்டணமா?

வாசகர் கேள்வி (சுருக்கம்)

பாளையங்கோட்டையை அடுத்த வி.எம். சத்திரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திருநெல்வேலி டவுன் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். 2012-ல் பதிவான 110 சிசி பைக் வைத்திருக்கிறார். சமாதானபுரம், முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம், டவுன் வளைவு என்று ஒரு வழிக்குப் பத்து கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை. வண்ணார்பேட்டையில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மனைவியைப் போகும் வழியில் இறக்கிவிடுகிறார். கடையடைத்துத் திரும்ப இரவு பத்து மணியாகிவிடுகிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: 'லண்டன், சிங்கப்பூர் மாதிரி நெல்லையிலும் நெரிசல் கட்டணம், பைக்குக்கும் உண்டு.' கடை முதலாளி, "பாலம் தாண்டி வாறவனுக்கெல்லாம் துட்டு போடப்போறாவளாம், பாத்துக்கோரும்" என்று பீதியைக் கூட்டிவிட்டார். வாசகர் கேட்பது இவை. லைஃப் டாக்ஸ் கட்டிய வண்டிக்கு மறுபடி கட்டணம் கேட்கலாமா? நாட்டில் எங்கும் போகும் உரிமை என்னாயிற்று? நெரிசலுக்குக் காரணம் கார்தானே, பைக் என்ன பாவம் செய்தது? இப்போதே பைக்கை விற்று எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடலாமா? கடை ஆட்கள் இருவரைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்து செலவைப் பங்கு போட்டால் என்ன? நம்பர் பிளேட்டைக் கொஞ்சம் மடக்கிவிட்டால் கேமராவில் விழாது என்று நண்பர் ஒருவர் சொல்வது உண்மையா? கூடவே ஒரு பழைய குறை: ஆனித் திருவிழா வாரத்தில் ரதவீதியில் நிறுத்திய அவரது வண்டியை, பலகை ஏதும் இல்லாத இடத்திலிருந்து, போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அபராதம் கட்டித்தான் மீட்டிருக்கிறார். தடை அரசிதழில் வரவே இல்லையே என்கிறார்.

வழக்கறிஞர் பதில்

வணக்கம். முதலில் உங்கள் தூக்கத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன். நகரத்துக்குள் நுழையும் சொந்த பைக்குக்கோ காருக்கோ, கூட்டத்தைக் குறைக்க வாங்கும் நெரிசல் கட்டணம் என்ற ஒன்று இந்தியாவில் எந்த நகரத்திலும் நடைமுறையில் இல்லை. டெல்லியில் 2015 முதல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வசூலிப்பது, ஊருக்குள் வரும் சரக்கு வண்டிகளுக்கான சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம். அது வேறு சங்கதி. 2025 ஜூனிலும் இதே மாதிரி ஒரு செய்தி சுற்றியது. ஜூலை 15 முதல் டோல்கேட்டில் பைக்கும் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் மத்திய அமைச்சரும் அதை மறுத்தார்கள். நாங்குநேரி டோல்கேட்டில் பைக் இன்றும் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் 'வராது' என்று நான் எழுதித்தர மாட்டேன். அப்படி ஒன்று வந்தால் உங்கள் கடிதத்தில் உள்ள வாதங்களில் பாதி நிற்காது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லைஃப் டாக்ஸும் நடமாடும் உரிமையும்

நீங்கள் கட்டிய ஆயுட்கால வரி தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974-ன்படி வண்டிக்காகக் கட்டியது. குறிப்பிட்ட சாலைக்கோ பகுதிக்கோ தனியாக ஒரு கட்டணம் வாங்குவதை அது தடுக்காது. உங்கள் முதலாளியின் காருக்கும் ஆயுட்கால வரி கட்டித்தான் இருக்கும். அதே கார் நாகர்கோவிலுக்குப் போகும்போது நாங்குநேரியில் டோல் கட்டுகிறதல்லவா? அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில் வாகன வரி 57-வது இனம், சாலைச் சுங்கம் (டோல்) 59-வது இனம். இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கும் போகும் உரிமை 19(1)(d) பிரிவில் இருக்கிறது. அதற்கு அடுத்தே 19(5) இருக்கிறது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது அது. பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்பதைத் தடையாகக் காட்டி நீதிமன்றத்தில் ஜெயிப்பது கடினம். 1843-ல் சுலோசன முதலியார் என்ற மனிதர் சொந்தப் பணம் போட்டு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பாலத்தில் காசு கேட்பதா என்ற கோபம் எனக்கும் புரிகிறது. அது மேடைக்கு நல்ல வாதம், மனுவுக்கு ஆகாது.

உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது 265-வது பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது. ஆகவே நெரிசல் கட்டணம் என்று யாராவது கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, 'எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த அரசாணை?' என்பதுதான். மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு மறுநாள் பாலத்து முனையில் ஆளை நிறுத்த முடியாது. சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் வேண்டும், விகிதம் அறிவிக்கப்பட வேண்டும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் வாங்காமல் வண்டியையே தடுப்பது சுலபம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 115-வது பிரிவு மாநில அரசுக்கும், அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும், குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ குறிப்பிட்ட வகை வண்டியைத் தடுக்க அதிகாரம் தருகிறது. அதற்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும். கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழும் வேண்டாம், உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதியை மறிப்பதெல்லாம் இந்த வழியில்தான். உங்கள் பழைய குறைக்குக் கீழே மறுபடி இங்கேதான் வருவோம்.

பைக்கை விட்டுவிடுவார்களா?

ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. லண்டனில் 2003 பிப்ரவரியில் தொடங்கியபோதே பைக்குக்கு விலக்கு கொடுத்தார்கள், இன்றும் அது தொடர்கிறது. ஸ்டாக்ஹோமிலும் மிலானிலும் பைக் கட்டுவதில்லை. சிங்கப்பூர் 1975-ல் ஆரம்பித்தபோது பைக்கை விட்டது. 1989-ல் சேர்த்துக்கொண்டது. 1998-ல் மின்னணு முறைக்கு மாறிய பிறகு காருக்கு உள்ளதில் பாதி. நியூயார்க் 2025 ஜனவரி 5-ல் தொடங்கியது. நெரிசல் நேரத்தில் காருக்கு 9 டாலர், பைக்குக்கு 4.50. அதுவும் பாதிதான்.

விலக்கு கொடுத்த ஊர்களைப் பாருங்கள். அங்கெல்லாம் சாலையில் கார்தான் பெரும்பான்மை, பைக் கொஞ்சம். கொஞ்சப் பேரை விட்டுவிட்டாலும் திட்டம் நடக்கும். நம் மாநிலத்தில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இருசக்கர வண்டி. இங்கே பைக்கை விட்டுவிட்டுக் காருக்கு மட்டும் வசூலித்தால் என்ன நடக்கும்? கார் வைத்திருப்பவர் அதை வீட்டில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவார். கார் விட்டுப்போன இடத்தைப் பைக்குகள் அடைத்துக்கொள்ளும். பாலத்தில் வண்டிகளின் வேகம் அதிகரிக்காது. இதைத் தெரிந்த எந்தத் திட்ட அதிகாரியும் நெல்லை மாதிரி ஊரில் பைக்குக்கு முழு விலக்கு எழுதத் தயங்குவார். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன்.

நெரிசலுக்குக் கார்தான் காரணம் என்பதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 106-வது நெறிமுறையில் (1990) நகரச் சாலையில் ஒரு காரை 1 என்று வைத்து மற்ற வண்டிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். மொத்தத்தில் பைக் நூற்றுக்கு ஐந்து வரை என்றால் ஒரு பைக் 0.5. பத்தோ அதற்கு மேலோ என்றால் 0.75. பைக் கூடக் கூட ஒவ்வொரு பைக்கும் சாலையில் அடைக்கும் இடமும் கூடுகிறது என்பதே கணக்கு. காலை ஒன்பதரைக்கு ஈரடுக்குப் பாலத்தில் ஏறி இறங்கும் உங்களுக்கு இதை நெறிமுறை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிறுத்தி வைத்த வண்டிக்கோ கணக்கு வேறு, அது உங்கள் பக்கம் சாய்கிறது. ஒரு காருக்கு ஐந்துக்கு இரண்டரை மீட்டர், அதாவது பன்னிரண்டரை சதுர மீட்டர். பைக்குக்கு இரண்டுக்கு ஒன்று போதும். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு பைக் நிற்கும். எப்போதாவது கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், 'பைக்கை விட்டுவிடுங்கள்' என்று கேட்பதைவிட இந்த இரண்டு கணக்கையும் பிரித்து வையுங்கள். பைக்கின் கட்டணம் ஓடும் சாலைக்குக் கார் கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, நிறுத்துமிடத்துக்கு ஆறில் ஒன்றைத் தாண்டக் கூடாது. கூடவே ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், மாதப் பாஸ் வேண்டும் என்றும் கேளுங்கள். கடை திறக்கும் நேரத்துக்கு வந்தே ஆக வேண்டிய ஆளுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை என்பது உங்கள் தரப்பில் மிக வலுவான வாதம். பாதி விகிதம் என்பதற்கு நம் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2008-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் பைக்குக்கு விலக்கு தந்துவிட்டு, பக்கத்தில் சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தும் நெடுஞ்சாலையில் ஏறும் பைக்குக்குக் கார் கட்டணத்தில் பாதி வாங்கலாம் என்று பொடி எழுத்தில் வைத்திருக்கின்றன.

உங்கள் பைசாக் கணக்கு

கட்டணம் வந்த ஊர்களில் பைக்காரர்கள் செய்தது என்ன? சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் சுற்றுவழி பிடித்தார்கள், சிலர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்தோ பஸ்ஸிலோ போனார்கள், மற்றவர்கள் முனகிக்கொண்டே கட்டினார்கள். சிங்கப்பூரில் கட்டணம் குறையும் நிமிடத்துக்காக வசூல் கருவி மாட்டிய வளைவுக்கு முன்னே ஊர்வதும், கூடும் முன் விரட்டிக்கொண்டு போவதுமாக இருந்ததால், இடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நடுவிகிதம் வைக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு எது பொருந்தும் என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

நாளுக்கு 20 கிலோமீட்டர், மாதத்துக்கு 520. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் பதினொன்றரை லிட்டர், லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,180 ரூபாய். ஆயில், டயர், செயின் செட், பிரேக் ஷூ எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 50 பைசா என்றால் 260. நீங்கள் எழுதியபடி ஸ்டாண்டுக்கு நாளுக்குப் பத்து ரூபாய், அது ஒரு 260. ஆக மாதம் 1,700. இதில் நாளுக்குப் பத்து ரூபாய் நுழைவுக் கட்டணம் சேர்ந்தால் 260 கூடும். இருபது என்றால் 520.

மேலப்பாளையம், கருப்பந்துறை வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோலும் தேய்மானமும் சேர்த்து உங்கள் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 75 பைசா ஆகிறது. சுற்றில் ஒரு வழிக்கு நாலு கிலோமீட்டர் கூடினால் போகவர எட்டு, 22 ரூபாய். கட்டணம் இருபதுக்குள் இருக்கும் வரை சுற்றுவழி நஷ்டம். போதாததற்கு வண்ணார்பேட்டையில் மனைவியை இறக்கிவிட்டு மறுபடி திரும்பி வர வேண்டும். இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

ஜங்ஷனில் வண்டியை விட்டு டவுன் பஸ் ஏறுவதிலும் பெரிய லாபம் இல்லை. மிச்சப்படும் பெட்ரோல் டிக்கெட்டுக்குப் போய்விடும். அதிலும் பாலத்துக்கே கட்டணம் என்றால் ஜங்ஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வண்ணார்பேட்டையில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

முழுக்க பஸ் என்றால் கணக்கு மாறுகிறது. இரண்டு பஸ் மாறி ஒரு வழிக்கு 15 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 780. உங்கள் மனைவிக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. ஆக வீட்டுக்கே 780-தான், மிச்சம் 920. நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும் என்றால் மாதம் 26 மணி நேரம், மணிக்கு 35 ரூபாய்க்கு உங்கள் நேரத்தை விற்கிறீர்கள். அது கட்டுப்படியாகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வி.எம். சத்திரம் போக வண்டி கிடைக்குமா என்பதை ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். திரும்பும் பஸ் நிச்சயமில்லாத ஆளுக்கு இந்த வழி ஆகாது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றி: 520 கிலோமீட்டருக்குச் சார்ஜர் இழப்பும் சேர்த்து மாதம் 20 யூனிட்டுக்குள் முடியும். இரண்டு மாத பில்லில் 40 யூனிட். பெட்ரோலில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நல்ல வண்டி லட்சத்துக்கு மேல். உங்கள் பழைய வண்டிக்கு இருபது இருபத்தைந்தாயிரம் கிடைத்தாலும் கையிலிருந்து 85,000 போட வேண்டும். அதை எடுக்க ஏழு வருடம். கடனில் வாங்கினால் இன்னும் கூடும். வீட்டு மின்கணக்கு ஏற்கனவே 470, 480 யூனிட்டில் நின்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த நாற்பது சேர்ந்து 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் மலிவு விகிதம் போய்விடும், பில் ஒரே தாவாகத் தாவும். மின்கட்டண அட்டையைப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

அதைவிட முக்கியம், எலக்ட்ரிக் என்றால் நெரிசல் கட்டணம் கிடையாது என்று நீங்கள் நினைப்பது. எலக்ட்ரிக் வண்டியும் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. லண்டனில் எலக்ட்ரிக் கார்களுக்கு இருந்த முழு விலக்கு 2025 டிசம்பர் 25-ல் முடிந்துவிட்டது. நெரிசல் கட்டணம் வேறு, புகைக் கட்டணம் வேறு. லண்டனில் பைக்குக்கு நெரிசல் கட்டணம் இல்லை. ஆனால் யூரோ 3 புகைத் தரத்துக்குக் கீழே உள்ள பழைய பைக் என்றால் 2019 முதல் நாளுக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம் உண்டு. உங்களுடையது 2012-ம் வருடத்து பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற நம் புகைத் தரம்) வண்டி. எதிர்காலத்தில் உங்களுக்குத் தலைவலி வருவதானால் பாலத்தை விட வண்டியின் வயதிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஓடுகிற வரை ஓட்டுங்கள். எஞ்சின் வேலை என்று பெரிய செலவு வரும் நாளில் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று பேர், மடக்கிய பிளேட்

இரண்டும் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி ஓட்டுபவரைத் தவிர பின்னால் ஒருவர்தான். இரண்டு பேரை ஏற்றினால் 194சி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும். நாளுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நூறு நாள் கட்டணத்தை ஒரே சிக்னலில் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

ஒரு ஆளை ஏற்றிவந்து பெட்ரோலைப் பங்கு போடுவது நல்ல யோசனைதான், அதற்கு முன் இன்ஷூரன்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்று இருந்தால் பின்னால் உட்காருபவருக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்து, தவறும் உங்கள் மேல் என்றால், இழப்பீடு உங்கள் கையிலிருந்து போகும். இன்று மனைவியை ஏற்றிப் போகிறீர்களே, அவருக்கும் இதே நிலைதான். புதுப்பிக்கும்போது பேக்கேஜ் பாலிசிக்கு மாறுங்கள், அல்லது பின்னால் உட்காருபவருக்குத் தனி விபத்துக் காப்பீடு சேர்க்கச் சொல்லுங்கள். இந்தப் பதிலில் நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். பங்கு என்பது பெட்ரோலோடு நிற்கட்டும். தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். அப்போது பர்மிட் கேள்வி வரும், காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்கும்.

பிளேட்டை மடக்குவது, மண்ணைப் பூசுவது, எழுத்தை மாற்றுவது எல்லாம் விதிமீறல். இன்னொருவர் எண்ணை மாட்டினால் மோசடி, போலி ஆவணம் என்று குற்ற வழக்கே பாயும். பிரிட்டனில் பைக்குக்கு முன்னால் நம்பர் பிளேட்டே கிடையாது. நம் வண்டிக்கு இரண்டு பக்கமும் உண்டு. ஒரு கேமராவுக்குத் தப்பினாலும் அடுத்த கம்பத்தில் இருப்பது பின்பக்கத்தைப் பிடிக்கும். இந்த நண்பரிடம் வேறு விஷயத்தில் யோசனை கேளுங்கள்.

உங்களை உண்மையில் தொடப்போவது

பாலத்தில் கேமரா வைத்து வசூலிக்க மென்பொருள், தகவல் மையம், தகராறு தீர்க்கும் அலுவலர் என்று பெரிய ஏற்பாடு தேவை. பைக்குக்கு ஃபாஸ்டேக்கும் கிடையாது. ரதவீதியில் நிறுத்துவதற்குக் கட்டணம் கூட்டுவதற்கு ஒரு டோக்கன் கட்டு போதும். நெரிசலைக் குறைக்கும் பெயரில் இந்த ஊரில் எது வந்தாலும் பார்க்கிங் கட்டணமாகவோ, 'இந்த நேரத்தில் இந்தத் தெருவுக்குள் வண்டி கூடாது' என்பதாகவோ வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு இப்போதே தயாராகலாம்.

மாநகராட்சி குத்தகைக்கு விட்ட ஸ்டாண்டில் பணம் கொடுக்கும்போது டோக்கனைப் பாருங்கள். மாநகராட்சியின் பெயர், வண்டி வகை, தொகை, தேதி நான்கும் இருக்க வேண்டும். விகிதப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். டோக்கனில் ஐந்து என்று போட்டுவிட்டுப் பத்து கேட்டால் டோக்கனையும் பலகையையும் படமெடுத்து வைத்துக்கொண்டு மாநகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள். அல்லது அரசின் குறைதீர் எண்ணான 1100-ல் பதிவு செய்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகைதாரரோடு வாய்ச்சண்டை போடுவதில் பலன் இல்லை. அங்கே நிற்கும் பையனுக்கு ஒப்பந்த விகிதம் தெரிந்திருக்காது.

வதந்தியைத் தீர்க்கப் பத்து ரூபாய் செலவு செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். 'நெரிசல் கட்டணம் வருமா?' என்று கேட்டால் பதில் வராது. எதிர்காலம் தகவல் ஆகாது. இப்படிக் கேளுங்கள்: மாநகராட்சி எல்லைக்குள் வாகன நுழைவுக் கட்டணம் குறித்து மாமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் ஏதும் இருந்தால் அதன் நகல், ரதவீதி, ஜங்ஷன் பகுதிகளில் இருசக்கர வாகன நிறுத்தக் கட்டணத்தை நிர்ணயித்த தீர்மானத்தின் நகல், நடப்புக் குத்தகை ஒப்பந்தத்தில் உள்ள விகிதப் பக்கம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தப் பதிலை முதலாளியிடமும் காட்டலாம்.

இனி அந்த ஆனித் திருவிழா சமாசாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவுப்படி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும் வண்டியைச் சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி அகற்றச் சொல்லலாம். இழுவைச் செலவும் உங்கள் தலையில்தான். 'அரசிதழில் வரவில்லை' என்ற உங்கள் வாதம் நிற்காது. திருவிழாத் தடை ஒரு மாதத்துக்குள் முடிவது, உள்ளூர் விளம்பரம் போதும். பலகை இல்லை என்பதை நிரூபிக்க அன்றே எடுத்த படம் வேண்டும், அது உங்களிடம் இல்லை. அபராதத்தையும் நீதிமன்றம் போகாமல் சமரசமாகக் கட்டிவிட்டீர்கள். அதைத் திரும்பப் பெற அலைவது வீண், விட்டுவிடுங்கள். அடுத்த முறை நடந்தால் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள்: எந்த அறிவிப்பு, வண்டி நின்ற இடத்தின் படம், அபராதத்துக்கும் இழுவைக்கும் தனித்தனி ரசீது. அறிவிப்பே இல்லை என்று தெரிந்தால் சமரசத் தொகை கட்டாமல், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வழக்கு முடியும் வரை நேரம் போகும், ஒரு நாள் சம்பளமும் போகும். ஐந்நூறு ரூபாய்க்கு அது தேவையா என்பதையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2012-ல் பதிவான உங்கள் வண்டியின் ஆர்.சி. பதினைந்து ஆண்டு முடிந்து 2027-ல் காலாவதியாகிறது. முடியும் தேதிக்கு முந்தைய அறுபது நாளுக்குள் 25-ம் எண் படிவத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு நீட்டித்துத் தருவார்கள். புதுப்பிப்புக் கட்டணம் போக, பதினைந்து வயது தாண்டிய வண்டிக்குப் பசுமை வரியும் உண்டு. நிலுவையில் இ-சலான் கிடந்தால் அதையும் தீர்த்துவிட்டுப் போங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டினால் 192-வது பிரிவில் முதல் முறையே ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.